குறைந்த பணத்தில் மடிக்கணினி: திருகோணமலையில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும், அல்லது உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்ததும், "எந்தக் கம்பனியின் லெப்டொப் நல்லது?" என்று விசாரிக்கத் தொடங்குகிறோம். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்துக்குப் போகும் மாணவராயினும், கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ நகரத்துக்கு வந்து வாங்கும் பெற்றோராயினும், கையில் இருப்பது பெரும்பாலும் சீட்டுக்காசாகவோ, அடகு வைத்த நகையின் பணமாகவோ, வெளிநாட்டு உறவினர் அனுப்பியதாகவோ இருக்கும். அந்தத் தொகை இரண்டாவது முறை எளிதில் சேராது. ஆகவே கம்பனியின் பெயருக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இயந்திரத்தில் பின்னர் மாற்றக்கூடியவை எவை, மாற்றவே முடியாதவை எவை? கணக்கீடுகளைச் செய்யும் மூளையான செயலியை மாற்ற முடியாது. மதர்போர்டு எனப்படும் முதன்மைப் பலகையில் பற்றாசு வைத்துப் பொருத்திய ரேமையும், அதாவது தற்காலிக நினைவகத்தையும், மாற்ற முடியாது. திரையை மாற்றலாம் என்றாலும் செலவு கட்டுப்படியாகாது. எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான சேமிப்பகம்), பற்றரி, விசைப்பலகை ஆகியவற்றைப் பெரும்பாலான இயந்திரங்களில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணம் முதலில் போக வேண்டியது மாற்ற முடியாதவற்றுக்கே. கீழே சொல்லப்படும் தவறுகளில் பல, இந்த ஒழுங்கு தலைகீழாவதால் வருபவை.

முதலாவது தவறு, வேலையைத் தீர்மானிக்காமல் வகையைத் தீர்மானிப்பது. ஆவணம் தட்டச்சு செய்வது, சூம் வகுப்பில் இருப்பது, பாடக்குறிப்புகளைப் படிப்பது, பைதன் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பழகுவது ஆகிய வேலைகளுக்குச் சாதாரண 14 அல்லது 15 அங்குல மடிக்கணினியே போதுமானது. கேமிங் மடிக்கணினி பார்வைக்குக் கம்பீரமாக இருந்தாலும், தனி கிராபிக்ஸ் சிப்பு மின்சாரத்தையும் வெப்பத்தையும் கூட்டுகிறது. சார்ஜரின் கனமே தனிச் சுமை. பற்றரி பல வேளைகளில் இரண்டு மூன்று மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். முப்பரிமாண வரைபு, காணொளித் தொகுப்பு போன்றவற்றைத் தொழிலாகவோ பாடமாகவோ செய்பவர்கள் மட்டுமே அந்த விலையைக் கொடுப்பதில் பொருள் உண்டு. திரையை முழுவதும் மடித்து டேப்லட் போலப் பாவிக்கும் வகையில், அதே விலைக்குரிய சாதாரண இயந்திரத்தைவிட உள்ளே இருக்கும் செயலி பெரும்பாலும் தாழ்ந்ததாக இருக்கும். தொடுதிரை உடைந்தால் அதைத் திருத்தும் செலவும் அதிகம். எப்போதும் ஒரே மேசையில் இருக்கப்போகும் கணினி என்றால், அதே பணத்தில் மேசைக்கணினி கூடுதல் வேகமும் எளிதான திருத்தமும் தரும். ஆயினும் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டதை அனுபவித்த எமக்கு, பற்றரியோடு வரும் இயந்திரத்தின் அருமை தெரியும்.

கூகுளின் குரோம் இயங்குதளத்தில் இயங்கும் குரோம்புக் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுப் பாடசாலைகள் பாவித்துக் கழித்த குரோம்புக்குகள் குறைந்த விலையில் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் விண்டோஸ் இல்லை. விண்டோஸ் மென்பொருள்களை நிறுவவும் முடியாது. ஒவ்வொரு மாதிரிக்கும் புதுப்பிப்புகள் நிற்கும் திகதி ஒன்று முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளது. 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்து ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக 2023இல் கூகுள் அறிவித்தது. அதற்கு முந்தியவற்றில் பல ஏற்கெனவே திகதி கடந்தவை. இதைவிட மோசமானது, பழைய பாடசாலையின் நிர்வாகக் கணக்கோடு இன்னும் பிணைக்கப்பட்ட இயந்திரம். அழித்து மீள நிறுவினாலும் அது அந்தப் பாடசாலையின் கணக்கையே கேட்கும். பழைய மெக்புக்கிலும் இதே எச்சரிக்கை தேவை: முந்தைய உரிமையாளர் தமது அப்பிள் கணக்கிலிருந்து நீக்காத இயந்திரத்தை வாங்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மெக்புக் எயார் 2021இல் வெளியான மொன்டெரே என்ற இயங்குதளப் பதிப்புக்கு மேல் போகாது என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது "ஐ7" என்ற ஒட்டுத்தாள். இன்டெல் செயலிகளின் தரப்பெயர்களான ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடத்தக்கவை. தலைமுறை மாறினால் அந்த வரிசை பயனற்றுப் போகிறது. இன்டெல் ஐ7-7500யூ என்ற ஏழாம் தலைமுறைச் செயலியில் இருப்பவை இரண்டே கருக்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள். அதற்கு அடுத்து வந்த ஐ5-8250யூவில் நான்கு கருக்கள் உண்டு. 2022இல் வந்த ஐ3-1215யூவிலோ ஆறு கருக்கள் உண்டு. ஏழாம் தலைமுறை ஐ7ஐ "ஐ7 என்பதால்" கூடுதல் பணம் கொடுத்து வாங்குபவர், உண்மையில் பிந்திய ஐ3ஐவிட மெதுவான இயந்திரத்தை வாங்குகிறார். கோடுக்குப் பின்னால் வரும் எண்ணை முழுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: அந்த எண் 10 முதல் 14 வரையிலான ஒன்றோடு தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்கள், மற்ற நான்கு இலக்க எண்களில் முதல் இலக்கம், தலைமுறையைச் சொல்கின்றன. அந்த எண்ணைச் சொல்லாமல் "ஐ5, நல்ல ஸ்பீட்" என்று மட்டும் சொல்லும் விளம்பரத்தை நம்பி முற்பணம் அனுப்பக் கூடாது.

இன்டெலின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 7000 வரிசையில் முதல் இலக்கம் வெளியான காலத்தைத்தான் குறிக்கிறது. உள்ளமைப்பு எவ்வளவு பழையது என்பதை மூன்றாவது இலக்கம் சொல்கிறது. ரைசன் 5 7520யூவும் ரைசன் 5 7530யூவும் பெயரில் சகோதரர்கள் போலத் தெரிந்தாலும், முன்னையது 2019இல் அறிமுகமான சென் 2 அமைப்பைக் கொண்ட நான்கு கருச் செயலி, பின்னையது சென் 3 அமைப்பிலான ஆறு கருச் செயலி. 7520யூ வரும் இயந்திரங்களில் ரேமும் பற்றாசு வைத்தே வருகிறது. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் 7530யூவுக்குப் போவதே சரியென்பது என் உறுதியான கருத்து.

புதிய இயந்திரம்தான் வேண்டும், பணமோ குறைவு என்ற நிலையில் பலர் இன்டெலின் செலரோன் என்4020 செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் என்ற சேர்க்கையைத் தெரிவு செய்கின்றனர். மாணவர் ஒருவருக்கு இந்தச் சேர்க்கையை எந்த விலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு கருக்கள் மட்டுமே உள்ள அந்தச் செயலி, ஒரு காணொளி வகுப்பும் சில குரோம் தாவல்களும் திறந்திருக்கும்போதே திணறுகிறது. 64 ஜிபி என்பது எஸ்எஸ்டி அன்று. ஈஎம்எம்சி எனப்படும், கைபேசிகளில் வருவதை ஒத்த, மதர்போர்டிலேயே பதிக்கப்பட்ட சேமிப்பகம். அதன் இணைப்பு வினாடிக்கு 400 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் வரும் எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 மெகாபைட் கடத்தும், என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் கடத்தும். வேகக் குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 64 ஜிபியில் பெரும்பகுதியை விண்டோஸ் எடுத்துக்கொண்ட பிறகு, பெரிய புதுப்பிப்பு ஒன்று வரும்போது இடமில்லாமல் அது நின்றுவிடுகிறது. பல மாதிரிகளில் வேறு எஸ்எஸ்டி பொருத்த இடமும் இருப்பதில்லை. செலவைக் குறைக்கவே வேண்டுமாயின், 2023இல் அறிமுகமான, நான்கு கருக்கள் கொண்ட இன்டெல் என்100 செயலியோடு 8 ஜிபி ரேமும் உண்மையான எஸ்எஸ்டியும் உள்ளதைத் தேட வேண்டும். 4 ஜிபி ரேம் விண்டோஸ் 11 இயங்குவதற்கான ஆகக் குறைந்த அளவு மட்டுமே. வேலை செய்வதற்கு 8 ஜிபி தேவை, பின்னர் ரேம் சேர்க்க ஸ்லொட் ஒன்று காலியாக இருந்தால் இன்னும் நல்லது.

மாறாக, ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. செயலி நல்லதாக இருந்து, டிஸ்க் மட்டும் மெதுவாக இருந்தால், அதைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவது திருத்தும் கடைகளில் அன்றாடம் நடக்கும் சிறிய வேலை.

திரையைக் கவனிக்காமல் விடுவது தமிழில் படிப்பவருக்குக் கூடுதல் நட்டம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட மலிவுத் திரையில் ஆங்கில எழுத்து ஓரளவு தெளிவாகத் தெரிந்தாலும், ணை, ஞ், னூ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டியது போலத் தெரியும். டிஎன் எனப்படும் மலிவு வகைத் திரைப்பலகையாயின் சற்றுச் சரிந்து பார்த்தாலே நிறம் மாறிவிடும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, சரிந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையே வேண்டும் என்று கேளுங்கள். கடையிலேயே தமிழ்ப் பாடநூல் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள்.

பாவித்த வணிக வகை மடிக்கணினிகள், அதாவது லெனோவோ திங்க்பாட், டெல் லேட்டிடியூட், எச்பி எலைட்புக் போன்றவை, குறைந்த பணத்துக்கு மிகச் சிறந்த தெரிவு என்று நம்புகிறேன். உறுதியான உடல், நல்ல விசைப்பலகை, கழற்றித் திருத்தக்கூடிய அமைப்பு ஆகியவை புதிய மலிவு இயந்திரங்களில் கிடைக்காதவை. ஆனால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவது தவறு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஓ இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி மடிக்கணினிகளில் ரைசன் 3000 வரிசையிலிருந்தும்தான் முறைப்படி ஆதரிக்கப்படுகிறது. ஆதரவில்லாத இயந்திரத்தில் எப்படியோ விண்டோஸ் 11ஐ ஏற்றிக் காட்டி விற்பவர்களும் உண்டு. எதிர்காலப் புதுப்பிப்புக்கு அங்கே பிணை இல்லை. ஏற்கெனவே அப்படியொன்று வீட்டில் இருந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை: லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் இணையத்துக்கும் ஆவணங்களுக்கும் பைதனுக்கும் அது இன்னும் உழைக்கும்.

ஒரே குடும்பப் பெயருக்குள்ளும் மாற்றம் உண்டு. திங்க்பாட் டி480இல் ரேமுக்கு இரண்டு ஸ்லொட்டுகள் உள்ளன. வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு பற்றரிகளைப் பொருத்தலாம். அதன் மெல்லிய உடன்பிறப்பான டி480எஸ்இல் ரேமின் ஒரு பகுதி பற்றாசு வைக்கப்பட்டது, ஸ்லொட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பனில் முழுவதும் பற்றாசுதான். மெலிவுக்காக மாற்றும் வசதியை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

பாவித்ததைச் சோதிக்காமல் வாங்குவது தவறு என்பதை எவரும் அறிவர். எதைச் சோதிப்பது என்பதுதான் தெரிவதில்லை. இயந்திரம் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் நுழைந்து பார்த்து, கடவுச்சொல் கேட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை ஒன்றை எடுக்கும் கட்டளை இருக்கிறது. அதில் தொழிற்சாலைக் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் அருகருகே வரும். இன்றைய அளவு பாதியாகக் குறைந்திருந்தால், புதிய பற்றரியின் விலையைக் கழித்தே பேரம் பேசலாம். தொடுபலகை மேலே தள்ளியிருந்தால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கக்கூடும், அது ஆபத்தானது. அடிப்பக்கத் திருகாணிகளில் துரு, யூஎஸ்பி துளைகளில் பச்சை படிதல் தெரிந்தால் கடற்காற்று உள்ளே வேலை செய்திருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை அண்டி வசிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்றில் வரும் நுண்ணுப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து, மின்விசிறியின் வழியாக உட்பலகையிலும் படிகிறது. வாங்கிய பின்னும் கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் இயந்திரத்தை நிரந்தரமாக வைக்காதீர்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நாட்கணக்கில் பாவிக்காமல் மூடி வைப்பதும் நல்லதன்று.

உத்தரவாதத்தைப் பற்றி "ஒரு வருடம்" என்ற இரு சொற்களோடு திருப்தியடைவது கடைசியாகச் செய்யப்படும், ஆனால் மிகவும் வருத்தும் தவறு. யார் தரும் உத்தரவாதம் என்று கேட்க வேண்டும்: கடையுடையதா, இறக்குமதி செய்த முகவருடையதா, உற்பத்தியாளருடையதா? திருத்துவதற்கு இயந்திரம் கொழும்புக்குப் போக வேண்டுமாயின், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரத்துக்கு அதை அனுப்பும் பொறுப்பும் செலவும் யாருடையவை, பரீட்சைக் காலத்தில் அது எத்தனை வாரம் அங்கே நிற்கும் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கொழும்பில் சில ஆயிரம் ரூபாய் குறைவு என்று அங்கே போய் வாங்குபவர், ஒருமுறை திருத்தப் போய்வரும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நகரத்திலேயே திறந்து பார்த்துத் திருத்தித் தரும் கடைக்காரரிடம் சற்றுக் கூடக் கொடுத்து வாங்குவது பல குடும்பங்களுக்கு இலாபமாகவே முடியும். பற்றரியும் சார்ஜரும் பெரும்பாலும் குறுகிய கால உத்தரவாதத்துக்கே உட்பட்டவை. ஈரத்தாலும் மின்னழுத்த ஏற்றத்தாலும் வரும் சேதம் பொதுவாக அதற்குள் அடங்காது. பற்றுச்சீட்டில் மாதிரியின் முழுப்பெயர், செயலியின் முழு எண், ரேம், சேமிப்பகத்தின் வகை, தொடரிலக்கம், உத்தரவாதம் தருபவரின் பெயர் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். எழுதிய தொடரிலக்கம் இயந்திரத்தின் அடியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.