தங்கம் தேடும் டிடெக்டர்: வாங்கும் முன் நம் செம்மண்ணில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

எல்லாம் சித்தியின் தோட்டுத் திருகாணியில் ஆரம்பித்தது. சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கம் எங்கள் மரவள்ளிக் காடு. வரப்பில் நின்று நிமிர்ந்தால் கஞ்சமலை. கிழங்கு பிடுங்கிய அன்று சாயங்காலம் சித்தி காதைத் தடவிப் பார்த்தார். தோடு இருந்தது, திருகாணியைக் காணோம். "கண்ணு, நீ என்னமோ மிஷின் வாங்கியிருக்கியே, அதக் கொண்டாயேன்" என்றார்.

கொண்டுபோனேன். காட்டில் இறங்கிய நிமிஷத்திலிருந்து மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. வெறும் மண்ணுக்குக் கத்தியது, கல்லுக்குக் கத்தியது, சித்தி பக்கத்தில் வந்தால் அவர் காலில் கிடந்த கொலுசுக்கும் கத்தியது. திருகாணி கிடைக்கவில்லை. "ஒரு மீட்டர் ஆழம் வரை தங்கம் கண்டுபிடிக்கும்" என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படித்துத்தான் அதை ஆன்லைனில் வாங்கியிருந்தேன்.

அதற்கு அப்புறம்தான் டிடெக்டர்களை ஒப்பிடும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நண்பர்களிடம் இரவல் வாங்கிய இரண்டு மிஷின்களையும் என்னுடையதையும் ஒரே மண்ணில், ஒரே திருகாணியை வைத்துச் சோதித்தேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். காகிதத்தில் இருக்கும் ஆழக் கணக்கை மறந்துவிடுங்கள். அந்த மிஷின் உங்கள் மண்ணில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம்.

தொடங்கும் முன் சட்டம்

பெரிய தங்கக்கட்டிக் கனவோடு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு மேலே போங்கள். ஆஸ்திரேலியாவில் சின்னக் கட்டணம் கட்டி உரிமம் வாங்கிக்கொண்டு ஆட்கள் வார இறுதியில் தங்கம் தேடப் போகிறார்கள். இங்கே அப்படி முடியாது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்வராயன் மலைக் காப்புக்காட்டுக்குள் டிடெக்டரும் மண்வெட்டியுமாகப் போய் நின்றால் வனத்துறை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய கோயில், கல்வட்டம் பக்கமும் போகாதீர்கள். சொந்தக் காட்டில், சொந்த வீட்டுப் பொருளைத் தேடுங்கள். பழகுவதற்கு அது போதும்.

படி 1: மிஷினுக்கு முன் காந்தம்

பழைய ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தம் ஒன்றைக் கழற்றி எடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கயிறு கட்டி, காய்ந்த மண்ணின் மேல் பத்தடி இழுத்துக்கொண்டு போங்கள். அப்புறம் பையைத் தூக்கிப் பாருங்கள்.

எங்கள் காட்டில் பையைச் சுற்றிக் கருமணல் மயிர் மயிராகக் குத்திட்டு நின்றது. பைக்குள் இருக்கும் காந்தத்தை வெளியே உருவினால் மொத்தமும் பொலபொலவென்று கொட்டும். அது மேக்னடைட், அதாவது காந்த இரும்புத் தாது. கஞ்சமலையே மேக்னடைட் கலந்த குவார்ட்சைட் பாறையால் ஆன மலைதான். 1830களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பு ஆலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது. கஞ்சம் என்றால் பொன் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். டிடெக்டரைக் கேட்டால் அந்த மலை இரும்பு என்றுதான் சொல்லும்.

ஏற்காட்டுக்கு மேலே போனாலும் தப்பிக்க முடியாது. அங்கே பாக்சைட் வெட்டியெடுத்த மலைத்தலைகள் உண்டு. அந்த லேட்டரைட் செம்மண்ணிலும் இரும்பு ஆக்சைடு நிறைய. அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று பார்த்தால், அந்தப் பாறையிலும் குரோமைட்டு என்ற இரும்பு சேர்ந்த தாது கலந்திருக்கிறது. ஆகவே சேலத்துக்காரர் டிடெக்டர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "இரும்பு மண்ணில் இது அமைதியாக இருக்குமா?" என்பதுதான்.

காந்தத்தில் ஒட்டிய மண்ணின் அளவை நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லையா? அதிர்ஷ்டசாலி. உங்களுக்கு விலை குறைந்த மிஷினே போதும்.

படி 2: இரண்டு குடும்பங்கள்

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் விஎல்எஃப் (VLF, மிகத் தாழ்ந்த அலைவரிசை) வகை. மிஷினின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் கம்பிச் சுருள்தான் காயில்; அதில் அலை போல மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அருகில் உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கொஞ்சம் தாமதித்துப் பதில் கொடுக்கும். அந்தத் தாமதத்தை வைத்து இரும்பா, வெள்ளியா என்று மிஷின் ஊகிக்கிறது. மண்ணில் இருக்கும் மேக்னடைட்டும் பதில் சொல்லும், ஆனால் தாமதமே இல்லாமல். அந்தப் பதிலைக் கழித்துவிடச் சொல்வதுதான் 'கிரவுண்ட் பேலன்ஸ்'.

விஎல்எஃப் மிஷினில் பார்க்க வேண்டிய எண் அலைவரிசை, அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பது. அலைவரிசை ஏற ஏறச் சின்னத் தங்கம் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் தங்கத்துக்கென்றே செய்த மிஷின்களில் எண் பெரிதாக இருக்கிறது. மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 இயங்குவது 45 கிலோஹெர்ட்ஸில், நோக்டா கோல்ட் குரூசர் 61இல், ஃபிஷர் கோல்ட் பக் 2 என்ற பழைய மிஷின் 71இல். நாணயம் தேடும் பொது மிஷின்கள் பல 20க்குக் கீழேயே நின்றுவிடும். நான் வாங்கியதும் அந்தக் கூட்டம்தான். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 போன்றவை ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பும்.

இன்னொரு குடும்பம் பிஐ (PI, பல்ஸ் இண்டக்‌ஷன்). இது ஒரு துடிப்பு அனுப்பி, நிறுத்தி, மௌனத்தில் காது கொடுக்கும். மண்ணின் எதிரொலி அடங்கிய பிறகும் உலோகத்தின் எதிரொலி கொஞ்ச நேரம் நிற்கும் என்பது கணக்கு. இரும்பு மண்ணில் இதற்குத்தான் ஆழம் அதிகம். மைன்லேப் ஜிபிஎக்ஸ் 6000 இந்த ரகம்; விலை லட்சங்களில். ஆனால் துருப்பிடித்த ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் பிஐ வகை வீக். ஊருக்கு அருகில், குப்பை நிறைந்த காட்டில் பிஐ வைத்திருப்பவர் நாளெல்லாம் ஆணி தோண்ட வேண்டியதுதான்.

படி 3: சோதனைப் பொருட்கள்

சித்தி மிச்சமிருந்த ஒற்றைத் திருகாணியை எனக்குக் கடன் கொடுத்தார். "இதையும் தொலைச்சுப்புடாத சாமி" என்ற எச்சரிக்கையோடு. அதோடு ஒரு மூக்குத்தி, அரை சவரன் மோதிரம், மெல்லிய செயின், ஒரு வெள்ளிக் கொலுசு. எதிர்த்தரப்பில் மூன்று இஞ்சு ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் செயின். மெல்லிய செயினின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. ஒன்றை ஒன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மிஷினுக்கு அது ஒரு பெரிய பொருளாகத் தெரிவதில்லை, நூறு பொடிப் பொருட்களாகத்தான் தெரிகிறது. எடை குறைந்த மோதிரம் கேட்கும் தூரத்தில், அதைவிடக் கனமான செயின் கேட்காமல் போகலாம். கடைக்காரர் மோதிரத்தை ஆட்டிக் காட்டினால், "செயினை ஆட்டுங்க அண்ணா" என்று சொல்லிப் பாருங்கள்.

படி 4: காற்றில் ஒரு சோதனை

மிஷினை மர பெஞ்சில், காயில் வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். கட்டிலில் வேண்டாம், இரும்புச் சட்டம் இருக்கும். போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள், மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள். தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போனாலோ பக்கத்தில் கிணற்று மோட்டார் ஓடினாலோ இடத்தை மாற்றுங்கள். திருகாணியைத் தென்னை ஈர்க்கின் நுனியில் டேப் போட்டு ஒட்டி, காயிலுக்கு மேலே அசைத்துக்கொண்டே மெல்ல உயர்த்துங்கள். சத்தம் எந்த உயரத்தில் அறுகிறதோ அதை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

இந்த எண்ணை நம்பி மிஷின் வாங்கக் கூடாது. காற்றில் எல்லா மிஷினும் சூரன்தான்.

படி 5: சாய்த்துப் புதைத்த குழாய்

இதுதான் உண்மையான பரீட்சை. திருகாணியைக் குழி தோண்டிப் புதைத்தால் மண் கலைந்துவிடும், பொருளும் தொலைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கடப்பாரையை 45 பாகை சாய்த்து மண்ணுக்குள் இறக்கி, அந்தத் துளையில் முக்கால் இஞ்சு பிவிசி குழாயைச் செருகிவிடுங்கள். கடப்பாரையைப் பத்தடி தள்ளி வைக்க மறக்காதீர்கள். நான் முதல் நாள் அதைப் பக்கத்திலேயே சாத்தி வைத்துவிட்டு அரை மணி நேரம் குழம்பினேன்.

இப்போது ஈர்க்கில் பேனாவால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு போட்டு, திருகாணியோடு குழாய்க்குள் தள்ளுங்கள். குழாயில் 10 சென்டிமீட்டர் உள்ளே போனால் நேர் ஆழம் சுமார் 7. அதற்கு மேலே இருக்கும் மண் கலையாத மண். ஒரு மிஷின் முடிந்ததும் அடுத்த மிஷின், அதே குழாய், அதே ஆழம்.

ஒவ்வொரு மிஷினையும் முதலில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள். உலோகமில்லாத இடமாகப் பார்த்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காயிலைத் தரைக்கு ஓரிரு இஞ்சு மேலே வரை இறக்கி ஏற்றுங்கள், இறக்கி ஏற்றுங்கள், அம்மியில் அரைக்கும் நிதானத்தில். மண்ணின் முனகல் அடங்கியதும் பொத்தானை விடுங்கள். கோல்ட் மான்ஸ்டர் மாதிரி சிலவற்றில் இது தானாகவே நடக்கும். கையால் செய்யும் வசதியே இல்லாத, தானாகவும் செய்யாத மிஷின் என்றால் நம் மண்ணுக்கு வேண்டாம்.

அப்புறம் சென்சிடிவிட்டி, அதாவது மிஷினின் உணர்திறன். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் அதை உச்சத்தில் வைப்பார்கள். நானும் வைத்தேன். மிஷின் தொடர்ந்து கத்தும்போது அந்தக் கூச்சலுக்குள் திருகாணியின் சின்னக் குரல் எங்கே கேட்கும்? மண் அமைதியாகும் வரை குறைத்துவிட்டுத் தேடினால்தான் கேட்கிறது. என் பழைய மிஷினில் திருகாணி காற்றில் மூன்று விரல் உயரம் வரை கேட்டது. குழாயில் ஒரு விரல் ஆழத்திலேயே அடங்கிவிட்டது. இரவல் வாங்கிய தங்க மிஷின் அதே மண்ணில் மூன்று விரல் ஆழம் வரை சொன்னது. இரண்டுக்கும் காயில் அளவுகூட ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்று விரல்தானா என்று சலிப்பு வேண்டாம். காயிலின் அகலத்தைத் தாண்டிய தூரங்களில், தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சைகை ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறையும். பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஆனால் பொடிப் பொருளைத் தவறவிடும். திருகாணி, மூக்குத்தி தேட ஐந்தாறு இஞ்சுக் காயில் போதும். வடிவத்தில் டபுள்-டி (உள்ளே D வடிவச் சுற்றுகள் இரண்டு) என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு மண்ணை அதுதான் நன்றாகச் சமாளிக்கும்.

படி 6: குப்பையும் தங்கமும்

இப்போது மாத்திரைத் தாளையும் திருகாணியையும் மாறி மாறிக் காட்டுங்கள். திரையில் வரும் எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கொலுசோ உச்ச எண்ணில் கணீரென்று கேட்கும். ஆகவே வெள்ளித்தாளை ஒதுக்கச் சொல்லி மிஷினை அமைத்தால், அதோடு திருகாணியும் ஒதுங்கிவிடும். தங்கம் வேண்டுமென்றால் தாளையும் தோண்டித்தான் ஆக வேண்டும். ஆணியை மட்டும் ஒதுக்கலாம். அதையும் சோதித்துவிடுங்கள்: ஆணிக்கு நான்கு விரல் தள்ளித் திருகாணியை வைத்தால், எந்த மிஷின் இரண்டையும் பிரித்துச் சொல்கிறது?

சில கற்களும் ஏமாற்றும். கஞ்சமலைக் கருங்கல் துண்டுக்கு மிஷின் தங்கம் போலவே குரல் கொடுக்கும். கல்லைக் காலால் நகர்த்துங்கள். சத்தமும் கூடவே நகர்ந்தால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்; ஒட்டினால் கத்த வைத்தது கல்லில் இருக்கும் இரும்புதான்.

எடை, பேட்டரி, மழையில் நனையலாமா என்பதெல்லாம் அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்தாலே தோளுக்குத் தெரிந்துவிடும். ஹெட்போன் மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

எதை வாங்கக் கூடாது

இரண்டு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு "முப்பது அடி ஆழத்துப் புதையலைத் திசை காட்டும்" என்று விற்பவை எல்லாம் மோசடி. குழாய்ச் சோதனைக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், விற்பவர் வர மாட்டார்.

பொடித் தங்கத்துக்கும் டிடெக்டர் வேண்டாம். நகைப் பட்டறைத் தெருக்களில் மண்ணைக் கூட்டி அள்ளி, தண்ணீரில் அலசிப் பொன் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாவு போன்ற துகளை எந்த விலை மிஷினும் காட்டாது. அதற்கு ஒரு அலசு தட்டும் பொறுமையும்தான் கருவி.

என் நோட்டுப்படி, நம் பக்கம் நகை தேடுபவருக்கு 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட விஎல்எஃப், சின்ன டபுள்-டி காயில், நல்ல கிரவுண்ட் பேலன்ஸ் இருந்தால் போதும். பிஐ வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். என் பழைய மிஷினை விற்றுவிட்டேன், வாங்கியவரிடம் குழாய்ச் சோதனையைக் காட்டிய பிறகுதான்.

ஒற்றைத் திருகாணியைச் சித்தியிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தொலைந்தது இன்னும் காட்டுக்குள்தான் இருக்கிறது. அடுத்த உழவுக்கு முன் கிழங்கு பிடுங்கிய பாத்திகளில் கயிறு கட்டி, பாத்திக்குப் பாத்தி, காயில் தரையை உரசும்படி ஒருமுறை நடக்கப் போகிறேன். சித்தி கொலுசைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.