வார்ஹேமர்ல ஒரு ரூலை ரெண்டு விதமா படிக்க முடிஞ்சா என்ன பண்றது? புதுசா ஆடுறவங்களுக்கு

சின்ன பொம்மைப் படைகளை மேசையில வச்சு டைஸ் உருட்டி ஆடுற போர் கேம்தான் வார்ஹேமர் 40,000. அதை ஆட ஆரம்பிச்சா சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துடுவீங்க. ரூல்புக்ல ஒரே ஒரு வரி, அதை நீங்க ஒரு மாதிரி படிக்கிறீங்க, எதிர்ல ஆடுறவர் வேற மாதிரி படிக்கிறார், ரெண்டு பேருமே நியாயமாத்தான் பேசுறீங்க, ஆட்டம் அப்படியே நின்னுடுது. எழுதியிருக்கிற வார்த்தைதான் ரூல்னு சொல்றதை ரூல்ஸ் ஆஸ் ரிட்டன்னு சொல்வாங்க, சுருக்கமா ரா. எழுதினவங்க என்ன நினைச்சு எழுதினாங்கன்னு பார்க்குறது ரூல்ஸ் ஆஸ் இன்டெண்டட். முதல்ல வார்த்தை, வார்த்தை முட்டிக்கிட்டு நின்னா மட்டும் நோக்கம், இந்த வரிசையில போனா பெரும்பாலான சண்டை தானா தீர்ந்துடும்.

ஸ்டெப் 1: ஞாபகத்துல இருந்து பேசாதீங்க

புக்கை திறந்து அந்த வரியை சத்தமா, முழுசா படிங்க. இந்த கேம் 1987-ல இருந்து வருது, 2023-ல 10-வது எடிஷன் வந்துச்சு, ரொம்ப வருஷமா ஆடுறவங்க தலைக்குள்ள நாலஞ்சு எடிஷன் ரூல் கலந்து கிடக்கும். ஒரு வார்த்தைதான் வித்தியாசமா இருக்கும். 6 இன்ச்சுக்கு 'விதின்'னு இருந்தா பேஸோட (மாடலுக்கு, அதாவது பொம்மைக்கு அடியில இருக்குற தட்டு) ஒரு ஓரம் உள்ள இருந்தாலே போதும், 'ஹோல்லி விதின்'னு இருந்தா பேஸ் முழுசா உள்ள இருக்கணும். வாயால சொல்லும்போது ரெண்டுமே "6 இன்ச்சுக்குள்ள"ன்னு ஆயிடும், அங்கதான் பிரச்சனையே.

ஸ்டெப் 2: எஃப்ஏக்யூ (அடிக்கடி வர்ற கேள்விகளுக்கான பதில்) பாருங்க

கேம்ஸ் வொர்க்‌ஷாப் (இந்த கேமோட கம்பெனி) எராட்டா, அதாவது பிழை திருத்தம், ரூல்ஸ் கமென்ட்டரி, அதாவது ரூல் விளக்கம், எல்லாம் வார்ஹேமர் கம்யூனிட்டி சைட்ல இலவச பிடிஎஃப்பா போடுறாங்க. ஆடப் போறதுக்கு முன்னாடியே ஃபோன்ல இறக்கி வச்சுக்கோங்க, தேதியும் பாருங்க, பழைய பிடிஎஃப் வச்சு வாதாடுறது ரொம்ப வேஸ்ட்.

ஸ்டெப் 3: அப்படியே படிச்சா ஏதாவது ரூல் செத்துப்போகுதா?

இதை நல்லா புரிஞ்சுக்கணும், ஒரு நிஜமான கேஸோட சொல்றேன். 2017-ல வந்த 8-வது எடிஷன்ல, ஷூட்டிங் ஃபேஸ்ல, அதாவது சுடுற கட்டத்துல, எந்த யூனிட்டை (சேர்ந்து இயங்குற மாடல்களோட குழு) தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு பத்தி இருக்கும். அந்த டர்ன்ல அட்வான்ஸ் பண்ண, அதாவது ஒரு டைஸ் உருட்டி கூடுதலா நகர்ந்த யூனிட்டை தேர்ந்தெடுக்கவே முடியாதுன்னு அதுல எழுதியிருந்துச்சு. வேற இடத்துல அசால்ட் ஆயுதத்தைப் பத்தி, அதை வச்சிருக்கிற மாடல் அட்வான்ஸ் பண்ணியிருந்தாலும் சுடலாம், ஆனா ஹிட் ரோல்ல (குறி படுதான்னு பார்க்க உருட்டுற டைஸ்) ஒண்ணு குறைச்சுக்கணும்னு இருந்துச்சு. இப்ப எழுத்தெழுத்தா படிங்க. மாடல் சுடலாம் சரி, ஆனா அந்த யூனிட்டை தேர்ந்தெடுக்கலாம்னு எங்கயும் சொல்லல, யூனிட்டையே தேர்ந்தெடுக்கலன்னா மாடல் எப்ப சுடும்? ஆக கறாரா ஆடினா அட்வான்ஸுக்கு அப்புறம் அசால்ட் ஆயுதம் சுடவே சுடாது, அந்த ரூல் எதுக்கு எழுதினாங்கன்னே இல்லாமப் போயிடும். எதிரிக்கு 1 இன்ச் பக்கத்துல இருக்கும்போது பிஸ்டல் சுடுறதுக்கும் இதே கதிதான்.

ஒரு ரூலை எழுதி, ஹிட் ரோல்ல ஒண்ணு குறைன்னு அபராதமும் வச்சிருக்காங்கன்னா அது நடக்கணும்னுதான் எழுதியிருக்காங்க. ஒரு ரூல் எந்த சூழ்நிலையிலயும் வேலையே செய்யாதபடி நீங்க படிக்கிறீங்கன்னா உங்க படிப்புதான் தப்பு, அங்க தயங்காம நோக்கத்துக்குப் போங்க. 10-வது எடிஷன்ல அட்வான்ஸ் பண்ண யூனிட்ல அசால்ட் ஆயுதம் இருந்தா அந்த யூனிட்டுக்கே ஷூட் பண்ற தகுதி உண்டுன்னு தெளிவா எழுதிட்டாங்க.

ஸ்டெப் 4: வினோதமா இருக்குறதும் உடைஞ்சு இருக்குறதும் வேற வேற

புதுசா ஆடுறவங்க அதிகமா தடுமாறுற இடம் இதுதான். 10-வது எடிஷன்ல உங்க மாடலோட ஏதாவது ஒரு பாகத்துல இருந்து பார்த்து எதிரி மாடலோட ஏதாவது ஒரு பாகம் தெரிஞ்சா அது கண்ணுக்குத் தெரியுதுன்னு கணக்கு. அதனால டேங்க்கோட ஆண்டெனா நுனி மட்டும் சுவருக்கு மேல எட்டிப் பார்த்தாலும் டேங்க் சுடலாம். "துப்பாக்கி சுவருக்குப் பின்னாடி இருக்கு, எப்படி சுடும்?"னு கேட்பீங்க, பழைய எடிஷன்கள்ல துப்பாக்கிக் குழாய்ல இருந்துதான் பார்க்கணும்னும் இருந்துச்சு. ஆனா 10-வது எடிஷன்ல வார்த்தை தெளிவா இருக்கு, எந்த ரூலும் சாகல, ஆட்டமும் நிக்கல, அதனால எழுதினபடியே ஆடுங்க. பிடிக்கல, நம்பற மாதிரி இல்ல, ரொம்ப பவரா இருக்குன்றதெல்லாம் நோக்கத்துக்குப் போக காரணமே ஆகாது. இதை விட்டீங்கன்னா ஒவ்வொருத்தரும் தனக்கு வசதியான நோக்கத்தோட வருவாங்க.

ஸ்டெப் 5: இடம் மாத்தி யோசிங்க, அப்புறம் ரோல் ஆஃப்

இன்னும் முடியலன்னா, இதே அர்த்தத்தை எதிராளி உங்க யூனிட் மேல பயன்படுத்தினா ஒத்துப்பீங்களான்னு உங்களையே கேளுங்க. ஆமான்னு மனசார சொல்ல முடிஞ்சா மட்டும் தொடர்ந்து பேசுங்க. அதுக்கும் மேல இழுத்தா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு டி6 (ஆறு முக டைஸ்) உருட்டுங்க, அதிகம் வந்தவர் சொன்னபடி அந்த ஆட்டம் முழுக்க ஒரே மாதிரி ஆடுங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். முக்கியமா, இதை அட்டாக் டைஸ் உருட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, ரிசல்ட் தெரிஞ்சதுக்கு அப்புறம் யாராலயும் நடுநிலையா படிக்க முடியாது.

டோர்னமென்ட்னா ரோல் ஆஃப் பண்ணாம ஜட்ஜைக் கூப்பிடுங்க. உங்க ஆர்மியே ஒரு குழப்பமான ரூலை நம்பி நிக்குதுன்னா நடத்துறவங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரூலோட வரியையும் ரெண்டு அர்த்தத்தையும் எழுதி அனுப்பி பதிலை கையில வச்சுக்கோங்க, அதை ஒவ்வொரு ரவுண்டும் டெப்ளாய்மென்ட்டுக்கு (படையை மேசையில அடுக்குறதுக்கு) முன்னாடி எதிராளிகிட்ட காட்டிடுங்க.