இரும்பு ட்சுபாவில் செந்துரு எடுக்கும் முறை

ஜப்பானிய வாளில் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உட்காரும் தட்டுதான் ட்சுபா. கதானா என்ற நீள வாளுக்கானது சுமார் 8 செ.மீ. அகலம், 4–5 மி.மீ. கனம். வாளிலிருந்து கழற்றிய ட்சுபா கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதலில் காந்தம். ஒட்டினால் அது இரும்பு, மேற்கொண்டு படியுங்கள். ஒட்டாவிட்டால் ஷாகுடோவாக இருக்கலாம். செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்த உலோகம் அது. அதன் கறுப்பு வெறும் மெல்லிய தோல், தேய்த்தால் செம்பு பல்லிளித்துவிடும். மென்துணியால் தூசி துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது கருவி. ஜப்பானில் மான் கொம்பு. இந்தியாவில் அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஆகவே மாட்டு எலும்பே போதும். வேகவைத்து, கொழுப்பு போகக் கழுவி, காயவைத்து, விரல் நீளத்துக்கு அறுங்கள். ஒரு முனையை உளி மாதிரி 5 மி.மீ. அகலத்துக்குச் சாய்வாக அரம் போடுங்கள். எலும்பு செந்துருவைப் பெயர்க்கும், இரும்பைக் கீறாது. கம்பி பிரஷ், உப்புத்தாள் பக்கம் போகவே வேண்டாம்.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்: எங்கே நிறுத்துவது? கறுப்பும் ஒரு துருதான், ஆனால் அது இரும்பைக் காக்கும் தோல். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். காவிப்பொடி ஒட்டினால் செந்துரு இன்னும் இருக்கிறது; ஒட்டாவிட்டால் அந்த இடம் முடிந்தது. தகரம்போல் ஒரு புள்ளி மின்னினால் அளவு தாண்டிவிட்டீர்கள். மேட்டில் விழும் வெண்கோட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். எலும்புதான் தேய்ந்திருக்கிறது, துணிக்குப் போய்விடும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது.

விளிம்பில் சிறு முண்டுகள் லேசாகப் பளபளக்கலாம். அது துரு அல்ல, தெக்கோட்சு: இரும்பிலேயே உள்ள கடினமான முடிச்சு. கனயாமா என்ற பாணியைச் சேர்ந்த ட்சுபாக்களில் ரசிகர்கள் தேடிப் பார்ப்பதே அதைத்தான்; மழுக்கிவிடாதீர்கள். நடுத் துளையின் மேலும் கீழும் அடைத்திருக்கும் செம்புத் துண்டுகளையும் பிடுங்கக் கூடாது. ட்சுபா வாளில் ஆடாமல் இருக்க வைத்தவை அவை. கைவினைஞர் பெயர் இருந்தால் பெரும்பாலும் துளையின் ஓரத்தில்தான் வெட்டியிருக்கும், அங்கே எலும்பையும் மென்மையாகவே ஓட்டுங்கள்.

பொன் வேலை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நுனோமே முறையில் இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, அதன்மேல் பொன் தகட்டைத் தட்டி ஒட்டியிருப்பார்கள். துணியின் ஒரு நூல் சிக்கினாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்தப் பகுதியைத் தொடாதீர்கள். சுற்றியுள்ள துருவை மூங்கில் குச்சியால் எடுங்கள்.

கடைசியில் கிராம்பெண்ணெய் கலந்த வாள் எண்ணெய், ஒரே சொட்டு. தடவி, உடனே முழுக்கத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் பிசினாகித் தூசி பிடிக்கும்.

பிறகு சேர்த்தது: வினிகரில் ஊறவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது. செந்துருவோடு கறுப்பையும் அது தின்றுவிடும். மிஞ்சும் சாம்பல் நிற வெற்றிரும்பு, ஈரக்காற்று பட்டால் மறுபடி சிவக்கும்.