ஹபரணை தாண்டும் முன் தீர்மானியுங்கள்: சொகுசுக் கார் சேர்விசில் காசு கரையும் இடங்கள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் மாமா ஒரு ஜேர்மன் கார் வைத்திருக்கிறார். செக்கன்ட் ஹேன்ட்தான், ஆனால் உயிர். சேர்விசுக்காகக் கொழும்பில் கார்க் கம்பனியின் ஏஜன்டிடம் காலையில் விட்டுவிட்டு வெள்ளவத்தையில் தங்கையின் வீட்டில் போய்ச் சாய்ந்திருக்கிறார். பகல் சாப்பாட்டு நேரம் போன் வந்தது. "சேர், முன் பிரேக் டிஸ்க் ரெண்டும் துருப்பிடிச்சிருக்கு, பேட்டும் முடியுது. சேர்த்துச் செய்யட்டுமா?" மாமா உடனே "செய்யுங்கோ" என்றார். பின்னேரம் பில்லைப் பார்த்தவருக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு வரவில்லை.

பழைய குடையைக்கூட விட்டுவிட்டு வராதவர் என்பதால் கழற்றிய டிஸ்க் இரண்டையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அடுத்த நாள் அவற்றை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். டிஸ்க்கின் விளிம்பில் 'மின் டிஎச்' (MIN TH) என்ற ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண் அடித்திருக்கும். அதுதான் ஆகக் குறைந்த தடிப்பு. மாமாவின் டிஸ்க்கில் 22.4 மில்லிமீட்டர் என்று இருந்தது. பட்டறைப் பாஸ் தடிப்பு அளக்கும் வேர்னியரை வைத்துப் பார்த்தார், 23.5. மற்றதும் அப்படித்தான். "இது தேயவே இல்லையே தம்பி, யார் மாத்தச் சொன்னது?" என்றார். அந்தத் துரு எங்கள் ஊர்த் துரு. வாடைக் காலத்தில் கடற்கரைப் பக்கம் இரண்டு நாள் காரை நிறுத்தினால் எந்த டிஸ்க்கும் செம்மண் நிறத்துக்கு வரும். நாலு தரம் பிரேக் பிடித்தால் போய்விடும்.

இங்கே நடந்த தவறு டிஸ்க் பற்றித் தெரியாதது மட்டுமல்ல. தூரம். பென்ஸ், பீஎம்டபிள்யூ, அவுடி எதுவானாலும் ஏஜன்டின் பெரிய பட்டறைக்குத் திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறக்குறைய 260 கிலோமீட்டர் ஓட வேண்டும். அவ்வளவு தூரம் போனவன் "வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது கஷ்டம். திரும்பி வர இன்னொரு நாள், இன்னொரு டாங்க் எண்ணெய். அந்த ஒரு போன் அழைப்பில் நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அதனால்தான். ஆகவே என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை ஹபரணைச் சந்தி தாண்டும் முன்னரே முடிவெடுத்துவிட வேண்டும்.

"ஃபுல் சேர்விஸ் போடுங்கோ, வேற ஏதும் இருந்தாலும் பாருங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது கையெழுத்திட்ட வெற்றுச் செக். வேலைச் சீட்டில், எழுதிய வேலைக்கு மேலே எதுவானாலும் எழுத்தில் எஸ்டிமேட் அனுப்பிய பிறகே தொட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் ஒரு படம் போதும். அந்த எஸ்டிமேட்டில் ஒவ்வொரு சாமானின் பார்ட் நம்பரும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும், வற் சேர்த்ததா சேர்க்காததா என்றும் இருக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். ஐந்து லட்சம் என்று காதில் விழுந்தது கவுன்டரில் ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் ஆவது இப்படித்தான்.

கூலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பில்லில் யாரும் பார்க்காத இடம் இது. ஏஜன்ட் பட்டறைகளில் மெக்கானிக் உண்மையில் எத்தனை மணித்தியாலம் நின்றார் என்று பெரும்பாலும் கணக்கில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கம்பனி முன்கூட்டியே ஒரு நேரம் குறித்திருக்கிறது. ஜேர்மன் கம்பனிகள் ஐந்து நிமிடத்தை ஓர் அலகாக வைத்து, மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு அலகு என்று எண்ணுவதுண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், வோட்டர் பம்பும் தேர்மோஸ்டாட்டும் பல எஞ்சின்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றைக் கழற்ற வழிவிட்டால் மற்றதற்கும் வழி கிடைத்துவிடும், கூலன்ட்டும் ஒரு தரம்தான் இறக்குவார்கள். ஆனால் பில்லில் இரண்டு வேலையும் முழு நேரத்தோடு தனித்தனியாக ஏறியிருக்கலாம். "இந்த ரெண்டு வேலைக்கும் கழற்றிப் பூட்டுற நேரம் ஒண்டுதானே?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். நான் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். இரண்டு தரமும் சேர்விஸ் அட்வைசர் உள்ளே போய்விட்டுக் குறைந்த பில்லோடு வந்தார்.

அடுத்தது ஸ்கானர், காரின் கொம்பியூட்டரில் பூட்டிக் கோளாறு பார்க்கும் கருவி. டாஷ்போர்டில் நத்தார் மரம் போல லைட் எல்லாம் எரிகிறது, ஸ்கான் பண்ணினால் இருபது கோளாறு, ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பாக், கியர்பொக்ஸ். ஒரே நாளில் இத்தனையும் பழுதாகாது. முதலில் பார்க்க வேண்டியது பற்றரி. வோல்டேஜ் இறங்கினால் ஒவ்வொரு கொம்பியூட்டரும் தன் பங்குக்கு ஒரு குற்றச்சாட்டு எழுதி வைக்கும். ஸ்கானர் காட்டும் கோட் என்பது நோயின் பெயர் அல்ல, நோயாளியின் முனகல். "பி0171" என்று வந்தால் எரிபொருளை விடக் காற்று கூடிவிட்டது என்பதுதான் அர்த்தம். வெடித்த ஒரு ரப்பர் குழாயாகவும் இருக்கலாம், ஒக்சிசன் சென்சராகவே இருக்க வேண்டும் என்றில்லை. சென்சரை மாற்றச் சொன்னால், அதற்கு முன் என்ன சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு இருப்பதால் சக்கரத்துச் சென்சரின் கனெக்டர் பச்சை பூத்துப்போவதும் உண்டு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் அடிக்கடி ஓடுபவர்கள் காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது மலிவான வைத்தியம்.

ஏஜன்ட் விலை முழுவதும் கொள்ளை என்று சொல்ல நான் தயாரில்லை. சாமான் யூரோவில் வருகிறது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதங்களில் முந்நூற்று அறுபது வரை போனதைக் கண்டோம். 2020இலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் பாவனைக்குக் கார் இறக்க முடியாமல் இருந்தது, அதனால் ஓடுபவற்றில் பல வயது போன கார்கள். வயது போனால் செலவு.

ஆனால் பெட்டியின் மேலுள்ள இலச்சினைக்கும் காசு கொடுக்கிறோம். பீஎம்டபிள்யூ தானே பிரேக் பேட் செய்வதில்லை, பென்ஸ் தானே ஒயில் ஃபில்டர் செய்வதில்லை. மான், மாலே, ஹெங்ஸ்ட், லெம்ஃபோடர், சாக்ஸ், ஏடிஈ, டெக்ஸ்டார் போன்ற கம்பனிகள் செய்து கொடுக்கின்றன. அதே கம்பனியின் சொந்தப் பெட்டியில் வரும் சாமான் விலை குறைவு. காரின் சட்டகத்தில் அடித்திருக்கும் சசி நம்பரை வைத்துப் பார்ட் நம்பரை எடுத்துக்கொண்டு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலோ தெரிந்த இறக்குமதியாளரிடமோ விசாரியுங்கள். நம்பர் இல்லாமல் "பென்ஸுக்கு ஒரு லிங்க் ரொட் வேணும்" என்று போய் நின்றால் என்ன கிடைக்கும் என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு, அதுவும் எங்கள் ஊரில்தான் அதிகம் பார்க்கிறேன். ஏஜன்ட் பில்லில் சூடு கண்டவர் அடுத்த தரம் சந்தியில் கிடைத்த ஒயிலை ஊற்றுவார். தடிப்பு 5டபிள்யூ-30 என்பது மட்டும் போதாது. டின்னின் பின்பக்கத்தில் உங்கள் காருக்குரிய அனுமதி இருக்க வேண்டும்: பீஎம்டபிள்யூ லோங்லைஃப்-04, எம்பி 229.51, விடபிள்யூ 507 00 போல. டீசல் காரில் புகைக்குழாய் ஃபில்டர் இருந்தால் தவறான ஒயில் அதை மெல்ல அடைத்துவிடும், அதன் விலை முன்னைய பில்லைச் சிரிப்பாக்கும். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல பீஎம்டபிள்யூக்களில் பற்றரி மாற்றினால் அதைக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பற்றரி என்று நினைத்தே சார்ஜ் பண்ணிப் புதியதைக் கெடுக்கும். நல்ல ஸ்கானர் உள்ள ஊர்க் கராஜ் சில நிமிடத்தில் பதிந்துவிடும்.

ஒட்டோ கியர்பொக்ஸ் ஒயில் "ஆயுள் முழுக்க" என்று கேட்டால் சந்தோஷப்படாதீர்கள். பல கார்களுக்குக் கியர்பொக்ஸ் செய்து கொடுக்கும் இஸட்எஃப் கம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி.

வாரன்டி உள்ள கார், திறப்பும் அது இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசரும், ஏர்பாக், மென்பொருள் ஏற்றுவது, ஹைபிரிட்டின் பெரிய பற்றரி. இவற்றுக்கு ஏஜன்டிடமே போங்கள். போகும் நாளில் ரீகோல், அதாவது கம்பனியே குறையைத் திருத்தித் தர அழைப்பது, ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று சசி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். டகாட்டா ஏர்பாக் ரீகோலில் பீஎம்டபிள்யூ, பென்ஸ், அவுடி மூன்றும் இருந்தன. ஒயில், ஃபில்டர், பேட், ரயர் எல்லாம் ஊரில் முடியும், பில்லைக் கிலோமீட்டரோடு கோப்பில் வைத்தால் விற்கும்போது "கம்பனி மெயின்டெயின்ட்" இல்லாத குறை பாதி தீரும்.

பில்லில் தகராறு என்றால் பேசிப் பாருங்கள், சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு எடுங்கள். எழுத்திலான எஸ்டிமேட் கையில் இல்லாமல் எடுத்தால் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

மாமாவின் பழைய டிஸ்க் இரண்டும் இப்போது கிறீஸ் பூசிப் பழைய பேப்பரில் சுற்றி வீட்டு ஸ்டோரில் இருக்கின்றன. புதியவை தேய்ந்ததும் இவற்றைத் திரும்பப் பூட்டலாமா என்று கேட்டார். பூட்டலாம், கிறீஸை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒன்றாக, புதுப் பேட்டோடு.