செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளில் கிராவல் சைக்கிள்: முதல் சவாரிக்கு ஒரு செய்முறை

காரைக்குடிப் பக்கம் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்களை முதலில் பயமுறுத்துவது திருச்சி - இராமேசுவரம் நெடுஞ்சாலைதான். அந்த ரோட்டை மறந்துவிடுங்கள். செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு. கரையிலிருந்து வயலுக்கும், அய்யனார் கோயிலுக்கும், அடுத்த ஊருக்கும் வண்டிப்பாதை போகும். பெரும்பாலும் செம்மண்ணும் செம்புராங்கல் சரளையும்தான். கிராவல் சைக்கிள் என்றால் சரளையிலும் மண்பாதையிலும் ஓட்டுகிற சைக்கிள். வெளிநாடுகளில் கிராவல் சைக்கிள்காரர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ஆளரவமற்ற புல்மேட்டையும் தேடிப் போவார்கள். நம்மிடம் அப்படிப்பட்ட பள்ளத்தாக்கு இல்லை. ஆனால் எப்போதாவது வரும் பால்காரர் வண்டியைத் தவிர வேறு எதுவும் குறுக்கே வராமல் ஒரு காலை முழுக்க ஓட்ட இங்கே பாதை இருக்கிறது.

முதலில், எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கண்மாய் நிறைவதும் பாதை சேறாவதும் அப்போதுதான். ஜனவரி, பிப்ரவரிதான் சிறந்த காலம்: கரை காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீரும் இருக்கும். சித்திரை, வைகாசியில் என்றால் விடிவதற்குள் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

தை மாதத்தில் ஒரு எச்சரிக்கை. சிராவயல் போன்ற ஊர்களில் மஞ்சுவிரட்டு நடக்கும்போது காளைகளைப் பொட்டலிலும் கண்மாயிலும் அவிழ்த்துவிடுவார்கள். எந்த ஊரில் என்றைக்கு என்று டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சைக்கிளும் டயரும்

கிராவல் சைக்கிள் என்பது வளைந்த ஹேண்டில்பார், அகலமான டயர், டிஸ்க் பிரேக் உள்ள வண்டி. கையில் அது இல்லையென்றால் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கியர் உள்ள எம்டிபியோ (மலைப்பாதைச் சைக்கிள்) ஹைபிரிடோ (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான சைக்கிள்) போதும். டயர் மட்டும் குறைந்தது 38 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். 40, 45 இன்னும் நல்லது.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது காற்றில். பஞ்சர் கடையில் டயரைக் கல்லு மாதிரி அடித்துத் தருவார்கள். தார் ரோட்டுக்குச் சரி. சரளையில் அந்த டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், திருப்பத்தில் வழுக்கும். 40 மில்லிமீட்டர் டயர், உங்கள் எடை 70 கிலோ என்றால் டியூப் போட்ட சக்கரத்துக்கு 35 முதல் 40 பிஎஸ்ஐ (பம்பு மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு) போதும். டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) என்றால் இன்னும் நாலைந்து குறைக்கலாம். முன்சக்கரத்தில் எப்போதும் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். ஒல்லியான பிரஸ்டா வால்வு உள்ள சைக்கிள் என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போடுங்கள். ஊர்க் கடைப் பம்பு அந்த வால்வில் நேரடியாக உட்காராது.

முள்

இங்கே நம் சவாரியை நிறுத்துவது வெயிலோ தூரமோ இல்லை, முள்தான். சீமைக்கருவேலம் எங்கும் இருக்கிறது. விறகுக்கு வெட்டிய இடத்தில் கிளைகள் பாதையிலேயே கிடக்கும். பொட்டலில் நெருஞ்சி படர்ந்திருக்கும். ஆகவே முடிந்தால் டியூப்லெஸ் போட்டு, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை உள்ளே ஊற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் உறைந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும்.

முள் குத்தியது தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள். டியூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நிறுத்துங்கள். வெள்ளைத் திரவம் பிசுபிசுவென்று கசிந்து, குமிழ் விட்டு, அடைத்துக்கொள்ளும். பிறகு காற்றடித்துக் கிளம்பலாம். டியூப் என்றால் அவசரப்பட்டுப் புது டியூபை நுழைக்காதீர்கள். கருவேல முள் பல நேரம் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு துணியை டயரின் உட்பக்கத்தில் வைத்து முழுச் சுற்று தடவுங்கள். எங்கே துணி இழுபடுகிறதோ அங்கே முனை இருக்கிறது. வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். அந்த முனையை வெளியே தள்ளாமல் எத்தனை டியூப் மாற்றினாலும் அத்தனையும் போகும். ஸ்பேர் டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள், கைப்பம்பு: இவை இல்லாமல் ஊரெல்லை தாண்ட வேண்டாம்.

பாதை பிடிப்பது

முந்தின நாள் இரவு கைபேசியில் சாட்டிலைட் படத்தைத் திறந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கம் பாருங்கள். பிறை வடிவில் ஓரம் கட்டிய பரப்புகள் எல்லாம் கண்மாய். அந்த வளைவுதான் கரை. ஊருக்குள் சதுரமாகத் தெரிவது ஊரணி. சிவப்புக் கோடு செம்மண் பாதை, சாம்பல் கோடு தார். சிவப்புக் கோடுகளை மட்டும் கோத்து 15 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள், முதல் சவாரிக்கு அது தாராளம். மண்ணில் மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுங்கள்.

படத்தில் தெரியும் கோடு எல்லாம் நிஜத்தில் திறந்திருக்காது. முள்வேலி வந்தால் திரும்பிவிடுங்கள். ஆடு மேய்க்கிறவரிடம் இறங்கி நின்று, "அய்யா, இப்படியே போனா ஆத்தங்குடி போகலாமா?" என்று கேளுங்கள். "மடையைத் தாண்டி வலது கைப்பக்கம் போங்க தம்பி, நேரே போனா முள்ளு" என்று அவர் சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது.

ஓட்டும் முறை

கரை மேல் ஏற மாட்டுத்தடம் இருக்கும், அதில் மட்டும் ஏறுங்கள். சரிவில் நேராக ஏறினால் மண் சரியும். அடுத்த மழையில் அங்கேதான் கரை அரிக்கும். ஈரமாக இருக்கும்போது கரையில் ஏறவே கூடாது. அந்தக் கரையை நம்பித்தான் கீழே நெல் நிற்கிறது.

சரளைத் திருப்பத்தில் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள். திரும்பும்போது பிடித்தால், முக்கியமாக முன்பிரேக்கைப் பிடித்தால், உருண்டைக் கல் மேல் சக்கரம் ஓடிவிடும். கை இறுக்கம் வேண்டாம், முழங்கை மடங்கியிருக்கட்டும். பார்வை பத்தடி தள்ளி இருக்க வேண்டும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவீர்கள்.

வறண்ட ஓடையையோ மணிமுத்தாறு, பாம்பாறு மாதிரி மணல் ஆற்றையோ கடக்கும்போது மணலுக்கு முன்பே லேசான கியருக்கு மாறி, பின்னால் சாய்ந்து, ஹேண்டிலைத் திருப்பாமல் மிதித்துக்கொண்டே இருங்கள். நின்றுவிட்டால் உருட்டுங்கள். கலிங்கில் (கண்மாயின் உபரி நீர் வெளியேறும் கல் கட்டு) தண்ணீர் வழிந்தால் ஓட்டாதீர்கள், பாசி பிடித்த கல் மிக வழுக்கும்.

அய்யனார் கோயில் திடலில் இறங்கி நடந்து போங்கள். மண்குதிரைகள் மேல் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பக்கம் போனால் மணி அடிப்பதும் சத்தம் போடுவதும் வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே கூடுகட்டும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவர்கள் காக்கும் அமைதியை நாமும் காக்க வேண்டும்.

வீடு வந்ததும்

செம்மண் தூசி செயினில் எண்ணெயோடு சேர்ந்தால் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். உலர்ந்த துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பிறகு டயரைச் சுற்றிப் பார்த்து, ஒட்டியிருக்கும் நெருஞ்சியை எல்லாம் பிடுங்குங்கள். இன்று பாதி ஏறிய முள் நாளைக் காலை வாசலிலேயே காற்றை இறக்கிவிடும்.