பட்டிங் கிரீனில் பந்து வளைந்து ஓடியதற்குக் காரணம்: என் அனுபவம்

பின்புறத் தோட்டத்தில் செயற்கைப் புல் பதித்த பட்டிங் கிரீனில் (கோல்ஃப் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிப் பழகும் தளம்), இரண்டு புல் துண்டுகள் சேரும் இணைப்பு வரை பந்து வலப்பக்கம் சாய்ந்தது. தாண்டியதும் இடப்பக்கம் இழுத்தது. 2 மீட்டர் நேர்விளிம்புக் கட்டை வைத்துப் பார்த்தால் தரையில் பள்ளமே இல்லை. புல்லின் ஓரத்தைத் தூக்கி, அடியில் பரப்பிய கிரஷர் தூளைத் (கல்தூள்) திரும்ப இடித்தும் பயனில்லை. புல் இழைகளுக்கு நடுவே தூவும் சிலிக்கா மணலைக் கூட்டியதில் பந்தின் வேகம்தான் மாறியது.

மாலை வெயிலில்தான் விஷயம் தெரிந்தது. ஒரு முனையில் நின்றால் ஒரு துண்டு வெளிறியும் மற்றது கருத்தும் தெரியும். மறுமுனைக்குப் போனால் அப்படியே தலைகீழ். இரண்டு துண்டுகளின் இழைகளும் எதிரெதிராகச் சாய்ந்திருந்தன; பந்தும் அந்தந்தச் சாய்வின் பக்கமே இழுபட்டது. உள்ளங்கையால் நீவினாலே தெரிந்துவிடும்: ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் நெருடும்.

குழி இல்லாத துண்டு செவ்வகம் என்பதால் அதை 180 பாகை திருப்பினாலே போதும்; வளைவாக வெட்டியிருந்தால் புதுத் துண்டுதான். முதலில் மணலை முழுக்க உறிஞ்சி எடுக்கவேண்டும். புல்லுக்கு அடியில் சிந்தினால் அதுவே மேடாகிவிடும். இணையும் விளிம்புகளில் இரண்டு தையல் வரிசைகளை வெட்டி, 300 மி.மீ. இணைப்பு நாடாவில் பசை தடவி ஒட்டி, இரவு முழுக்க மணல் மூட்டை ஏற்றிவைத்தேன். பிறகு காய்ந்த மணலை மெல்லிய அடுக்குகளாகத் தூவி, சாய்வுக்கு எதிராகத் துடைப்பத்தால் தேய்த்தேன். இழை நுனி 1–2 மி.மீ. வெளியே தெரிந்தால் நிறுத்திவிடலாம். இப்போது இணைப்பின் இருபுறமும் பந்து ஒரே பக்கமாக, சீராகச் சாய்கிறது.