வெளிக்கிட முன் மப்பைப் பாருங்கள், ஓடும்போது வேண்டாம்

வாகனத்தை ஸ்டார்ட் செய்ய முன்னமே கூகுள் மப்பில் ட்ராபிக்கைப் பார்த்து, போகும் இடத்தைப் போட்டு, குரல் வழிகாட்டலை ஓன் பண்ணிவிட்டு போனைத் திரை தெரியாமல் கவிழ்த்து வையுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் 3 விநாடி திரையைப் பார்த்தால் வாகனம் ஏறத்தாழ 40 மீற்றர் ஓடிவிடும், அந்த இடைவெளியில் ஒழுங்கைக்குள் இருந்து ஒரு சைக்கிளோ மாடோ வர எவ்வளவு நேரம் எடுக்கும்? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி மப்பில் சிவப்பாக, அதாவது நெரிசலாக, இருக்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டால் வேறு வீதியை அங்கேயே தீர்மானிக்கலாம், சந்தியில் நின்று தடுமாறத் தேவையில்லை. புறப்படும் நேரத்தை மாற்றிப் பார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது, பள்ளிக்கூடம் விடும் நேரம் எவ்வளவு இழுக்கும் என்று அதில் தெரியும்.

இது எல்லா இடத்துக்கும் சரிவராது. வீதியில் போகும் போன்களின் நகர்வை வைத்துத்தான் அந்த நிறங்கள் வருகின்றன, அதனால் ஒழுங்கைகளில் பெரும்பாலும் நிறமே இருக்காது. நல்லூர்த் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், மப் அதை அறியாமல் நேரே போகச் சொல்லலாம், அப்போது பொலிஸ் காட்டுகிற பக்கம் திரும்புங்கள். ஏ9 வீதியில் வவுனியா வரை போகிறவர்களுக்கு ஒருமுறை பார்த்தது காணாது, கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டும்போது திரும்பப் பார்க்கலாம்.